செவ்வந்தி போட்ட வளவு

பூவலில் தண்ணீர் ஊறி வருவதற்குள் ஸம்ஸியாவின் பொறுமை போய்விடும். இடுப்பளவுக்கு மணலைத் தோண்டி, பக்கம் சரியாமலிருக்க அடி வெட்டிய தார்ப் பீப்பாய் ஒன்றை இறக்கி வைத்த குழி அது. இரண்டு வாளி அள்ளினால் அடி தெரிந்துவிடும். பிறகு விளிம்பில் குந்தியிருந்து ஊறும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவசரப்பட்டு வாளியைப் போட்டால் மணலும் சேறுமாக வந்து பூவாளியின் கண்கள் அடைத்துக்கொள்ளும். அவற்றை ஈர்க்கினால் குத்திக் குத்தி எடுப்பதற்குள் வெயில் முதுகில் ஏறிவிடும்.

அன்றும் அப்படித்தான் குந்தியிருந்தாள். எதிரே கத்தரிப் பாத்திகள். ஊதாப் பூக்களுக்குக் கீழே விரல் நீளத்துக்குக் காய் தொங்கியது. பாத்திகளைச் சுற்றிக் கரையெல்லாம் செவ்வந்தி, மஞ்சளும் செம்மஞ்சளுமாக. அந்த இலையின் காரமான வாசம் அவளுடைய கையிலும் முந்தானையிலும் எப்போதும் இருக்கும். சோற்றுக் கோப்பையில்கூட மணக்கிறது என்று புருசன் குறை சொல்லுவான்.

புருசன் பக்கீர் முகைதீன் கரைவலை இழுக்கிறவன். மாரி முடிகிற காலத்தில் கடற்கரையில் புதைந்து கிடந்த போத்தல் ஓடு ஒன்று அவன் குதிக்காலில் ஏறியது. வேறு ஆளாயிருந்தால் கிழமைக்குள் ஆறியிருக்கும். அவன் சீனி வருத்தக்காரன். புண் ஆறாமல் உள்ளே உள்ளே அரித்துக்கொண்டு போனது. வலைக்குப் போகாதவனுக்குப் பங்கு மீன் இல்லை. இந்தக் கத்தரி நின்று காய்த்தால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும் என்கிற நிலைமைக்கு வந்துவிட்டது.

வளவு அவளுடையதல்ல. மஜீட் ஹாஜியாருடையது. கல்முனை பஸாரில் துணிக்கடை வைத்திருக்கிறவர். மருதமுனையில் பெண்பிள்ளை பிறந்த வீடு முதலில் தேடுவது வளவைத்தான். வளவு வாங்கி, வீடு கட்டி, அதற்குள்ளே மாப்பிள்ளையைக் கூட்டிவந்து விட வேண்டும். ஹாஜியாரும் மூத்த மகளுக்கென்றுதான் இதை வாங்கிப் போட்டார். ஆனால் வாங்கின நாளிலிருந்து அதில் எதுவும் வாழவில்லை. முருங்கைத் தடி நட்டால் துளிர்த்து வாடியது. பப்பாசி முழங்கால் உயரத்தில் மஞ்சளாகிச் செத்தது. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாகக் கட்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத புழு வேருக்குள் புகுந்து செய்கிற வேலை அது.

முன்பு ஒரு மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய், வளவைப் பார்க்க வந்தார்கள். காய்ந்து நின்ற முருங்கைத் தடிகளைக் கண்டதும் மாப்பிள்ளையின் உம்மா, பறக்கத்து இல்லாத, அல்லாஹ்வின் அருள் விழாத மண்ணில் என் பிள்ளையைக் குடிவைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்காமலே போனாள். அந்தக் கதை ஊரெல்லாம் பரவியது. ஹாஜியார் வளவை மனதால் கைவிட்டார். மகளுக்கு வேறு இடம் பார்ப்பதாகச் சொன்னார்கள். அந்த நேரத்தில்தான் ஸம்ஸியா போய்க் கேட்டாள். சும்மா கிடக்கிறது, ஏலுமென்றால் செய்து எடு என்று கையை வீசிச் சொல்லிவிட்டார். ஏலாது என்பதுதான் அவர் நினைப்பு.

செவ்வந்தியை அவளுக்குத் தந்தவள் பாண்டிருப்பு மேனுஜா. இருவரும் வயல் வட்டையில் ஒன்றாகக் களை பிடுங்கினவர்கள், ஒரே வயசுக்காரிகள். மேனுஜா தன் மிளகாய்த் தோட்டத்து வரப்பில் செவ்வந்தி வளர்த்துக் கோயிலடிக்குப் பூக் கொடுக்கிறவள். முடிச்சு விழுந்த வேரைக் கண்டதும் மடியில் வைத்திருந்த காய்ந்த பூக்களை உதிர்த்து விதையாக்கி ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள்.

"நெருக்கமாத் தூவுகா. வளவு முழுக்க இதுதான் நிக்கோணும், வேறொண்டும் வைக்காத. மொட்டு வாற நேரம் பூவுக்கு ஆசைப்படாம வெட்டிக் கொத்திப் புதைச்சிரு. பூ விக்கலாம் எண்டு நிண்டாயோ, புழு உன்ன வித்துப்போடும்."

எருவுக்கும் நாசினிக்கும் விலை கேட்டாலே தலை சுற்றுகிற காலம். ஸம்ஸியாவுக்கு வேறு வழியும் தெரியவில்லை. கோடை முழுக்க இந்தப் பூவலில் ஊறிய தண்ணீரை அள்ளி அள்ளிச் செவ்வந்திக்கு ஊற்றினாள். தின்ன முடியாத ஒன்றுக்கு இவ்வளவு பாடா என்று வேலியால் எட்டிப் பார்த்தவர்கள் கேட்டார்கள். பூசைக்குப் பூக் கொடுக்கப் போகிறாயா என்று ஒருத்தி சிரித்தாள். மொட்டு வந்ததும் அவள் வெட்டிப் புதைப்பதைக் கண்டு, பூவையும் விற்கத் தெரியாத விசரி என்று மற்றவள் சொன்னாள். ஸம்ஸியா கை கொப்பளித்து உடைந்து, அதே இலையைக் கசக்கிப் பூசிக்கொண்டு, திரும்பவும் விதைத்தாள். திரும்பவும் புதைத்தாள்.

சிரித்த அதே வாய்கள்தான் பிறகு இலை கேட்டும் வந்தன. பிள்ளைக்குக் காது குத்துகிறது, ரெண்டு இலை தா. தொடையில் கட்டி வந்திருக்கிறது, அரைத்துப் போட வேண்டும். பூவை அவித்துக் கண் கழுவ வேண்டும். பொழுதுபட்டால் வேலியடியில் யாராவது நிற்பார்கள். ஸம்ஸியா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பறித்துக் கொடுப்பாள், ஆனால் கொடுப்பாள். பக்கீரின் காலுக்கும் முதலில் அதைத்தான் அரைத்துக் கட்டினாள். பிள்ளைகளின் கொப்பளத்தை ஆற்றிய இலை அவனுடைய காலிடம் தோற்றுப்போனது. ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்த தாதி மிஸ்ஸம்மா பச்சை இலைச் சக்கையைக் கண்டதும் வாய்க்கு வந்தபடி ஏசினாள். சீனிக்காரன் காலில் இதையெல்லாம் கட்டினால் காலையே எடுக்க வேண்டிவரும் என்றாள். ஸம்ஸியாவுக்கு அவள் மேலும் கோபம், இலை மேலும் கோபம், தன் மேல் எல்லாவற்றையும் விடக் கோபம். அதற்குப் பிறகு ஒன்றுவிட்ட ஒரு நாள் அவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மருந்து கட்டப் போய்வந்தாள்.

மழைக்குப் பிறகு கத்தரி வைத்தாள். கன்று வாடவில்லை. ஒன்றைக்கூட அந்தப் புழு எடுக்கவில்லை. கரையில் மட்டும் செவ்வந்தியைப் பூக்க விட்டாள், பூச்சிக்குக் காவலாகவும், மேனுஜாவுக்கு விதையாகத் திருப்பிக் கொடுக்கவும்.

ஸகியா மாமி, ஹாஜியாரின் மனைவி, அந்த வளவுக்கு வந்ததை ஸம்ஸியா ஒருநாளும் கண்டதில்லை. ஒரு பின்னேரம், அசர் தொழுது கொஞ்ச நேரத்தில், தகரப் படலையைத் தள்ளிக்கொண்டு மாமி வந்தாள். கூடவே கைப்பை மாட்டிய ஒரு நடுத்தர வயசுப் பெண்ணும், வெள்ளைச் சேட்டுப் போட்ட ஓர் ஆளும். அந்த ஆள் வந்ததும் வராததுமாகப் போனை எடுத்துப் பூக்களைப் படம்பிடிக்கத் தொடங்கினான்.

ஸம்ஸியாவுக்கு உடனே ஒரு நினைப்பு ஓடியது. மேனுஜா போன கிழமைதான் சொல்லியிருந்தாள், ஏதோ மாதர் சங்கத்துக்காரர் ஊர் ஊராகத் தோட்டம் பார்க்க வருகிறார்களாம், நல்லாய்ச் செய்கிற பெண்களுக்குத் தண்ணீர் இறைக்கிற மெஷினும் குழாயும் கொடுக்கிறார்களாம். பூவலடியில் குந்தியிருக்கிற சீவியத்துக்கு ஒரு முடிவு வந்துவிட்டது என்று ஸம்ஸியா நினைத்தாள். மாமி தன்னைப் பற்றிச் சொல்லித்தான் கூட்டிவந்திருக்கிறாள் என்றும் நினைத்து, மனதுக்குள் மாமிக்கு துஆவும் செய்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடிப்போனாள்.

கைப்பைக்காரி பாத்திகளைப் பார்த்துக்கொண்டே வந்து கேட்டாள், "இஞ்ச முந்தி ஒண்டுமே வராதெண்டு கேள்விப்பட்டம். உள்ளதுதானா?"

"முந்தி அப்படித்தான். இப்ப வந்து பாருங்க."

சொல்வதோடு நின்றிருக்கலாம். ஆனால் சொன்னால் நம்பாதவர்களைத்தான் அவள் ஒரு வருசமாய்க் கண்டுகொண்டிருந்தாள். மண்வெட்டியை எடுத்து, பாத்தியின் நடுவில் செழித்து நின்ற ஒரு கத்தரியை, காயும் பூவுமாக நின்றதை, அடியோடு கிளப்பினாள். வேரில் ஒட்டிய மணலைத் தட்டி, வாளித் தண்ணீரில் அலசி, கைப்பைக்காரியின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"ஒரு முடிச்சு இரிக்கா பாருங்க. நூல் மாதிரி வெள்ள வேர். செவ்வந்தி போட்டுப் போட்டுத் திருத்தினது. இனி இந்த மண்ணுல என்ன வச்சாலும் வரும்."

"முருங்கை வருமா?"

"முருங்கையும் வரும், மாதுளையும் வரும். பறக்கத்தான மண்."

கைப்பைக்காரி வேரைத் தொட்டுப் பார்த்தாள். ஸகியா மாமி தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள். வெள்ளைச் சேட்டு ஆள் படலையிலிருந்து பின்வேலி வரைக்கும் காலால் அளந்து நடந்தான். கிழக்கு எது, ரோட்டிலிருந்து வாகனம் உள்ளே வருமா என்று விசாரித்தான். ஸம்ஸியா எல்லாவற்றுக்கும் ஓடி ஓடிப் பதில் சொன்னாள். மெஷின் கொண்டுவந்து இறக்க வழி பார்க்கிறான் என்றே எண்ணினாள். போகும்போது முதல் காய்களைப் பறித்து ஒரு பையில் போட்டு அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள். வீட்டுக்கே இன்னும் கொண்டுபோகாத காய். அந்தப் பெண் மாஷா அல்லாஹ் என்று சொல்லி வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பக்கீரிடம் சொன்னபோது அவன் கட்டிலில் காலை நீட்டியபடி கேட்டான், நல்லா நின்ற கத்தரி மரத்தை என்னத்துக்குப் பிடுங்கினாய் என்று. காட்டாமல் எப்படி மெஷின் தருவார்கள் என்று அவள் சீறினாள். அவனுக்கு அந்தக் கதை முழுதாகப் பிடிபடவில்லை. சங்கத்துக்காரர் ஸகியா மாமியோடு வருவானேன் என்று மட்டும் கேட்டான். கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கொஞ்ச நாள் கழித்து மாமியின் வீட்டிலிருந்து ஒரு தாம்பாளம் வந்தது. தொதலும் வாழைப்பழமும் பலகாரமும் வைத்து, மேலே பூப்போட்ட துணியால் மூடியிருந்தது. கொண்டுவந்த வேலைக்காரப் பெண் வாய் நிறையச் சிரிப்போடு சொன்னாள், மூத்த மகளுக்கு நிச்சயம் பண்ணியாயிற்று, மாப்பிள்ளையின் உம்மாவுக்கு வளவு நல்லாய்ப் பிடித்துப்போய்விட்டது, மாமி உங்களுக்கு என்று தனியாகச் சொல்லித் தந்துவிட்டா.

ஸம்ஸியா தாம்பாளத்தைக் கையில் வாங்கினாள். அந்தக் கைப்பைக்காரிதான் மாப்பிள்ளையின் உம்மா. கிழக்கு எது என்று கேட்டது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாசல் எந்தப் பக்கம் வைப்பது என்று பார்க்கிறவன்தானே அதைக் கேட்பான். எத்தனை பெண்களின் வளவு பார்க்கிற சடங்கை அவள் இந்த ஊரில் கண்டிருக்கிறாள். அவளுக்கே ஒரு காலத்தில் வளவு பார்க்க வந்தார்கள். தெரியாத காரியமா? ஒரு மெஷின் ஆசையில் கண் அவிந்துபோய் நின்றாள். பிள்ளையைப் போல வளர்த்த மரத்தைத் தன் கையாலேயே கிளப்பி, வேரைக் கழுவிக் காட்டி, தன் வாயாலேயே பறக்கத்து என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

"நீ காட்டாட்டியும் அவங்க எப்படியும் எடுத்திருப்பாங்க," என்றான் பக்கீர். ஆறுதலுக்குத்தான் சொன்னான்.

"எடுத்திருக்க மாட்டாங்க. ஆரு காட்டியிருப்பா? ஸகியா மாமிக்குக் கத்தரிக்கும் கண்டங்கத்தரிக்கும் வித்தியாசம் தெரியாது."

தொதலை அவன் தின்னக்கூடாது. அவளுக்கு இறங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள்.

மறுநாள் ஹாஜியாரின் வீட்டு விறாந்தையில் போய் நின்றாள். உள்ளே ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள், தையல்காரி, சமையல்காரர், பந்தல்காரர் என்று. கலியாண வீட்டின் சந்தோசம் சுவரிலெல்லாம் தெரிந்தது. இருக்கச் சொன்னார்கள். தேத்தண்ணீர் கொடுத்தார்கள். யாரும் அவளைக் கேவலமாக நடத்தவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது. யாராவது ஒரு சொல் கடுமையாகச் சொல்லியிருந்தால் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை கேட்டிருப்பாள்.

லுஹர் தொழுதுவிட்டுத் தொப்பியோடு வந்த ஹாஜியார் அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தார். உன்னைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தோம் என்றார். அவள் எழுந்து நின்று, தலைத்துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டு, வந்த விசயத்தைச் சொன்னாள். கத்தரி இப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருக்கிறது. நின்று காய்த்து ஓயும் வரைக்கும் விடச் சொல்லுங்கள். புருசனுடைய காலும் இந்த நிலைமையில் கிடக்கிறது. அதற்கு மேல் வேறொன்றும் கேட்கவில்லை.

ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டார். அவருக்கு மனவருத்தம் இருந்தது, அது பொய்யில்லை. "எனக்கு விளங்காமலில்ல புள்ள. மாப்பிள வீட்டார் நோம்புக்கு முந்தி அத்திவாரம் போடோணும் எண்டு நிக்காங்க. நான் என்ன செய்ய? மகள்ற விசயம்."

"ஹாஜியார், ஒரு வருசமா நான் அதுல ஒரு காய் திண்டதில்ல. மண்ணுக்குத்தான் எல்லாம் போட்டன். இப்பதான் அது எனக்குத் தரத் தொடங்கியிருக்கு."

"அது ஊருக்கே தெரியும். முந்தி வந்தவங்க காறித் துப்பிற்றுப் போன வளவு. நீ வேரப் பிடுங்கிக் காட்டினாயாமே, மாப்பிளட உம்மா இப்பயும் அதத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிக்கா. உன்ட வாயாலதான் இந்தக் கலியாணம் ஒப்பேறின. ஒரு குமர்ப் புள்ளயக் கரைசேத்த நன்மை உனக்கிரிக்கு. அல்லாஹ் உனக்குக் குறைவைக்க மாட்டான்."

அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிப் போட்ட தாழ்ப்பாளை எந்தக் கையால் திறப்பது? ஸம்ஸியா ஆமீன் என்று சொல்லித் தொலைத்தாள். வீடு கட்ட மேசன் வரும் வரைக்கும் பறிக்கக்கூடியதைப் பறித்துக்கொள் என்று ஹாஜியார் பெரிய மனதோடு சொன்னார். அவள் திரும்பிப் போகும்போது, நில், இன்னொன்று யோசித்து வைத்திருக்கிறேன், பிறகு கூப்பிடுகிறேன் என்றும் சொன்னார்.

மேசன் வருவதற்கு முன்பே கல் வந்துவிட்டது. பக்கீரை மருந்து கட்டக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் வரிசையில் இருந்த காலைநேரம் அது. புண் அடியில் கொஞ்சம் சிவந்து நல்ல தசை வருகிறது, இப்படியே தண்ணீர் படாமல், நடக்காமல் வைத்திருங்கள் என்று மிஸ்ஸம்மா முதல் தடவையாக முகம் கொடுத்துக் கதைத்தாள். அந்தச் சந்தோசத்தோடு ஆட்டோவை வளவுப் பக்கமாக விடச் சொன்னாள் ஸம்ஸியா. இரண்டு காயாவது பறித்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தாள்.

படலை கழற்றப்பட்டு வேலியில் சாத்தியிருந்தது. உழவு மெஷினின் இழுவைப் பெட்டி உள்ளே வந்து போன தடம் பாத்திகளுக்கு மேலால் ஓடியது. கருங்கல்லை நடுவில் கொட்டியிருந்தார்கள், கிறவல் மண்ணைப் பூவலடியில். கல்லுக்கு அடியிலிருந்து கத்தரிக் கொப்பு ஒன்று காயோடு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பூவலுக்குள் கிறவல் சரிந்து பீப்பாயின் விளிம்பு மட்டும் தெரிந்தது. ரோட்டோரத்துச் செவ்வந்தி வரிசைக்கு மட்டும் ஒரு சேதமுமில்லை. மெஷின்காரன் அதைச் சுற்றி ஒதுங்கித்தான் போயிருந்தான். கலியாண வீடியோவுக்கு வாசலில் பூ நிற்க வேண்டும், அதை மிதிக்காதே என்று மாமி சொல்லி அனுப்பியிருந்தாளாம். கல் இறக்கின ஆள் அதை மரியாதையாகத்தான் சொன்னான்.

ஸம்ஸியா கல்லுக்கு அடியில் கையை விட்டுக் காயைப் பறிக்கப் பார்த்தாள். வரவில்லை. இழுத்தாள். கொப்பு முறிந்து வந்தது. கையில் கிடைத்ததையெல்லாம் முந்தானையில் போட்டுக்கொண்டு, முறிந்த மரங்களுக்கும் முறியாத மரங்களுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றாள். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, அதுவும் யார் மேல் வைப்பது என்று தெரியாத ஆத்திரம். ஆட்டோவுக்குள் இருந்து பக்கீர், வா புள்ள, வெயில் ஏறுது என்று கூப்பிட்டான்.

அந்தக் கிழமையே ஹாஜியார் ஆள் அனுப்பினார். மருதமுனைக்கு வடக்கே, பெரியநீலாவணைப் பக்கம் போகிற ஒழுங்கையில் அவருடைய இன்னொரு வளவு. ஸம்ஸியா மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்து போனாள். போவதா வேண்டாமா என்று யோசிக்க வீட்டில் அரிசி விட்டுவைக்கவில்லை. மேனுஜாவிடம் கூலிக்குக் கேட்டுப் பார்த்தாள்தான். வட்டையில் களை பிடுங்குகிற காலம் முடிந்துவிட்டது, இப்போதெல்லாம் அறுவடைக்கு மெஷின்தான், ஆளுக்கு வேலை இல்லை என்று மேனுஜா வருத்தப்பட்டாள். விதை மட்டும் இன்னொரு பை தந்தாள்.

வளவின் நடுவில் ஹாஜியார் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அங்கே நின்றவை காய்ந்த இரண்டு தென்னங்கன்றும், மஞ்சளித்த ஒரு பப்பாசியும், முட்புல்லும்தான். ஸம்ஸியா பப்பாசியைப் பிடித்து அசைத்தாள். பலமே இல்லாமல் கையோடு வந்தது. வேரைப் பார்த்ததும் அவளுக்கு வேறு சோதனை தேவைப்படவில்லை.

"இதுலயும் அதேதான்," என்றார் ஹாஜியார். "வாங்கக்குள்ள தெரியல்ல. நீதான் செவ்வந்தி போட்டுத் திருத்துவாயே. ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்கத் தேவையில்ல. நீ செஞ்சு நீயே எடு."

"எவ்வளவு காலத்துக்கு ஹாஜியார்?"

"அவசரமே இல்ல புள்ள. இது சின்னவளுக்கு. அவ இப்பதானே பள்ளியில ஓ.எல். படிக்கா. ஆறுதலாத் திருத்து."

அவர் அதை ஒரு தந்தையின் சாதாரணப் பேச்சாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுச் சுற்றிப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார். பிறகு குடையை மடக்கி அதன் முனையால் மணலில் ஒரு கோடு இழுத்தார், ஒழுங்கையிலிருந்து வளவின் நடு வரைக்கும், நேராக.

"வாசல் இஞ்சால வரும். அதால கோட்டுக்கு அங்கால மட்டும் கொத்து. இந்தப் பக்கம் மண்ண இளக்கிப் போடாத. பிறகு அத்திவாரம் நிக்காது."

ஸம்ஸியா பப்பாசியை வேலியோரம் எறிந்தாள். கோடு அழியாதபடி காலைத் தூக்கி வைத்து அந்தப் பக்கம் தாண்டிப் போய், மண்வெட்டியை ஓங்கினாள்.